பல்லாங்குழியால் எண்ணப் பழக்குவது எப்படி?

என் பேத்தி மூன்றரை வயதில் இருபது வரை மூச்சுவிடாமல் சொல்வாள். ஒரு நாள் தட்டில் ஐந்து முறுக்கு வைத்து எத்தனை என்று கேட்டேன். விரல் மூன்றாவது முறுக்கைத் தொடுவதற்குள் வாய் ஏழுக்குப் போய்விட்டது. ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பது கைக்குப் பழக வேண்டும். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும் பல்லாங்குழி அதற்கென்றே அமைந்தது போன்ற ஆட்டம்.

தொடக்கத்தில் பலகை வேண்டாம். தரையில் சாக்பீஸால் ஐந்து வட்டம் வரையுங்கள். கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை பதினைந்து போதும். குன்றிமணியை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதை கடும் நஞ்சு. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குப் புளியங்கொட்டையும் ஆகாது, தொண்டையில் சிக்கும். எலுமிச்சம்பழம் கொடுங்கள். பெரிய குழந்தையானாலும் ஆடி முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

படி 1: குழிக்கு ஒன்று. எண்ணே சொல்ல வேண்டாம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கொட்டையை வைக்கட்டும். ஒன்று விடுபட்டால் "இந்தக் குழிக்குக் கிடைக்கவில்லையே" என்று மட்டும் சொல்லுங்கள்.

படி 2: விழும்போது சொல். கொட்டை தரையைத் தொடும் 'டக்' சத்தத்தோடு 'ஒன்று', அடுத்த சத்தத்தோடு 'இரண்டு'. வாய் முந்தினால் திருத்தாமல், நீங்களும் ஒரு கொட்டையை எடுத்து மெதுவாகப் போட்டுக் காட்டுங்கள்.

படி 3: மொத்தம் எத்தனை? ஐந்தையும் எண்ணி முடித்ததும் இதைக் கேட்டால் பல குழந்தைகள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. இங்கே அவசரப்படாதீர்கள், சில வாரங்கள்கூட ஆகலாம். எண்ணியவற்றை ஒரு கிண்ணத்தால் மூடிவிட்டுக் கேளுங்கள். பிறகு கிண்ணத்தை எடுத்துவிட்டு வலக்கோடியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். அப்போதும் ஐந்தே வருவதைப் பார்த்து என் பேத்தி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்!

படி 4: பசு. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். குழிகளில் இரண்டும் மூன்றும் நான்குமாகப் போட்டு, பசு எங்கே என்று கேளுங்கள். நாளடைவில் எண்ணாமல் கண்ணாலேயே கண்டுபிடிப்பார்கள். அடுத்த கேள்வி: "இங்கே மூன்று இருக்கிறது, பசுவாக இன்னும் எத்தனை வேண்டும்?" கூட்டல் என்ற பெயரைச் சொல்லாமலே கூட்டல் நடந்துவிடும்.

பத்து நிமிடம் போதும். குழந்தை கொட்டையை உருட்டி விளையாடத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பசு சுலபமாகப் பிடிபட்ட பிறகு பலகையை எடுங்கள்: ஆளுக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து. ஒரு குழியை அள்ளி வரிசையாகப் போட வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ள வேண்டும். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியின் முத்துகளை எடுத்துக்கொள்ளலாம். ஆட்ட முடிவில் இருவர் முத்துகளையும் எண்ணும் வேலை குழந்தைக்கு.