டேசர் வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு முன்

அமெரிக்கச் சாலையோரம் ஒன்றில் நிறுத்தப்பட்ட கார், அதன் கதவருகே ஒரு போலீஸ்காரர், சிறிய வாக்குவாதம், பிறகு படபடவென்று ஓர் ஓசை, மரம் சாய்வதுபோல் விழும் மனிதர்: இப்படி ஒரு வீடியோ வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தால், அரை மணி நேரத்தில் குழு இரண்டு கட்சியாகிவிடுகிறது. "சொன்னதைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா?" என்கிறது ஒரு கட்சி. "ஒரு டிராஃபிக் டிக்கெட்டுக்காக, வெறும் அபராதச் சீட்டுக்காக, ஆளுக்குக் கரண்ட் வைப்பதா?" என்கிறது மற்றது. இரண்டு தரப்பும் வீடியோவின் கடைசி ஐந்து விநாடிகளைத்தான் பார்த்திருக்கும். அந்த டேசர் (மின்னதிர்ச்சி தரும் கைக்கருவி, ஒரு வகை ஸ்டன் கன்) பிரயோகம் நியாயமானதா என்பதை நீங்களே எடைபோட விரும்பினால், அந்நாட்டு நீதிமன்றங்கள் கேட்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்ப்பது நல்ல வழி. வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் பொறுமை போதும்.

முதல் வேலை, முழுப் பதிவைத் தேடிப் பிடிப்பது. பரவி வரும் துண்டு பெரும்பாலும் டேசர் உறையிலிருந்து வெளியே வந்த பிறகே தொடங்கும். காரை எதற்காக நிறுத்தினார்கள், முதல் வார்த்தையை யார் எந்தக் குரலில் பேசினார்கள் என்பது அதில் இருக்காது. 2025 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹூஸ்டனில் சுங்கக் கட்டண நிலுவைக்காக நிறுத்தப்பட்ட காரின் ஓட்டுநர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், ஆபத்து எழுந்த அந்த ஒரு கணத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்கக் கூடாது, நடந்தவை அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது துப்பாக்கி வழக்கு என்றாலும் டேசருக்கும் அதே அளவுகோல்தான். பாடி கேமரா, அதாவது காவலர் உடம்பில் மாட்டியிருக்கும் கேமராவின் பதிவு கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: தொடக்கத்தில் அரை நிமிடம்வரை படம் மட்டும் ஓடி, ஒலி இல்லாமல் இருக்கலாம். பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய நொடிகளை ஒலியில்லாமல் சேமித்து வைப்பது பல கேமராக்களின் இயல்பான அமைப்பு. அதைப் பார்த்ததும் "ஆடியோவை அழித்துவிட்டார்கள்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

அடுத்து, போலீஸ்காரர் இட்ட கட்டளை சட்டப்படி செல்லுமா என்று பாருங்கள். நிறுத்திய காரிலிருந்து ஓட்டுநரை இறங்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீட் பெல்ட் அணியாதது போன்ற, அபராதத்தோடு முடியக்கூடிய குற்றத்துக்கும் கைது செய்யலாம் என்று 2001-இல் அதே நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கூறியது. ஆகவே "இதற்கெல்லாமா கைது?" என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆனால் கைது செய்யும் உரிமை வேறு, அதற்காக எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது. நம்மவர்களுக்கு இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. ஊரில் போக்குவரத்துப் போலீஸ் கை காட்டினால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, அவரிடம் நடந்து போய்ப் பேசுவதுதான் மரியாதை. அமெரிக்காவில் சொல்லாமல் காரை விட்டு இறங்குவதே அச்சுறுத்தலாகக் கொள்ளப்படும். வீடியோவில் யாராவது தானாகவே இறங்கினால், அவர் பணிவாக இறங்கியிருந்தாலும், போலீஸ்காரரின் மனக்கணக்கு அந்த இடத்தில் மாறியிருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, கருவி எந்த முறையில் பயன்பட்டது என்பதைக் கண்டறியுங்கள். டேசர் என்பது உண்மையில் ஒரு வணிகப் பெயர். அதைத் தயாரிக்கும் நிறுவனம் 2017-இல் ஆக்சான் என்று பெயரை மாற்றிக்கொண்டது. விசையை இழுத்தால் அழுத்தப்பட்ட நைட்ரஜனின் வேகத்தில் இரண்டு முள்ளூசிகள் மெல்லிய கம்பியோடு பாய்ந்து உடலில் தைக்கின்றன. அவற்றுக்கு நடுவே போதிய இடைவெளி அமைந்தால், தசைகள் முறுக்கிக்கொண்டு ஆள் அசையவே முடியாமல் விழுந்துவிடுவார். ஒருமுறை இழுத்தால் வழக்கமாக ஐந்து விநாடி ஓடும். இன்னொரு முறையில் ஊசி எதுவும் பாயாது. கருவியின் முனையை உடம்பில் நேரடியாக வைத்து அழுத்துவார்கள். இது பெரும்பாலும் வலியை மட்டுமே தரும், உடலை முடக்காது. இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனென்றால் முனையை வைத்து அழுத்தும்போது ஆள் துள்ளுவதும் கையை உதறுவதும் வலியின் அனிச்சைச் செயல்களாக இருக்கலாம்; "இன்னும் எதிர்க்கிறான்" என்ற கூச்சலோடு இரண்டாம் முறை அழுத்தப்படுவதும் அப்போதுதான்.

இப்போது மையக் கேள்விகளுக்கு வருவோம். 1989-இல் 'கிரஹாம் எதிர் கானர்' வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலே இன்றும் ஆள்கிறது. அந்த வழக்கும் ஒரு காரை நிறுத்தியதிலிருந்து பிறந்ததுதான்: சர்க்கரை அளவு தாழ்ந்து ஆரஞ்சுப் பழச்சாறு வாங்கக் கடைக்குள் ஓடிய நீரிழிவு நோயாளி ஒருவர், வரிசை நீளமாக இருந்ததைக் கண்டு உடனே வெளியே ஓடிவர, அதைச் சந்தேகித்துக் காரை மறித்தார்கள். குற்றம் எவ்வளவு கடுமையானது? அந்த ஆளால் காவலருக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து இருந்ததா? அவர் கைதைத் தீவிரமாக எதிர்த்தாரா அல்லது தப்பியோட முயன்றாரா? இவை மூன்றையும், பின்னால் தெரியவந்ததை வைத்து அல்லாமல், அந்த இடத்தில் நின்ற நிதானமுள்ள ஒரு காவலரின் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றிலும் கனமானது இரண்டாவதுதான். ஆகவே வீடியோவை விசை இழுக்கப்படுவதற்குச் சற்று முன் நிறுத்திவிட்டு, திரையில் இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன, இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம், கார் ஓடக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சியாட்டிலில் 2004 நவம்பரில் நடந்ததை வைத்துப் பழகிப் பார்க்கலாம். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், 11 வயது மகனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வழியில், மணிக்கு 20 மைல் வேகமே அனுமதிக்கப்பட்ட பள்ளிப் பகுதியில் 32 மைல் வேகத்தில் ஓட்டியதாக நிறுத்தப்பட்டார். டிக்கெட்டில் கையெழுத்திட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று எண்ணி மறுத்தார், இறங்கவும் மறுத்துவிட்டார். டேசரைக் காட்டியதும் தான் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னார். எங்கே வைப்பது என்று காவலர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, வயிற்றைத் தவிர்த்துத் தொடையைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடையில் ஒன்று, 36 விநாடி கழித்து இடது கையில் ஒன்று, அடுத்த 6 விநாடியில் கழுத்தில் ஒன்று. இங்கே நான் நிறுத்திப் பார்க்கச் சொல்வது சாவியை. முதல் அழுத்தலுக்கு முன்பே ஒரு காவலர் அதை உருவிக் காரின் தரையில் போட்டுவிட்டார்; ஆகவே அந்தப் பெண் காரை ஓட்டிப் போகவும் முடியாது, காரால் யாரையும் இடிக்கவும் முடியாது. அவர் ஸ்டீயரிங்கைப் பற்றிக்கொண்டது எதிர்ப்புதான். ஆனால் அதில் ஆபத்து ஏது? 2011-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்களைச் சேர்த்து ஒரு வட்டாரம், அதற்கு உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்தபடியான ஒரு நீதிமன்றம்) அதை அளவு மீறிய பலம் என்றது. ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை அழுத்தினால் வலியிலிருந்து மீண்டு கட்டளைக்குப் பணிய அவருக்கு நேரம் ஏது என்பதும் அதன் காரணங்களில் ஒன்று. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள் மீது இதைப் பொதுவாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-இல் காவல்துறை ஆய்வு அமைப்பு ஒன்று அந்நாட்டு நீதி அமைச்சகத்தோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. தப்பியோடுவதை மட்டுமே காரணமாகக் காட்டக் கூடாது என்பதும், மொத்தம் 15 விநாடிக்கு மேல் போனால் அபாயம் கூடலாம் என்பதும் அதிலேயே உள்ளன.

எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. கலிஃபோர்னியாவின் கொரொனாடோவில் 2005-இல் சீட் பெல்ட்டுக்காக நிறுத்தப்பட்ட 21 வயது இளைஞர், காரிலிருந்து இறங்கித் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டு ஏதேதோ கத்தினார். 20 அடிக்கு அப்பால் நின்ற அவர்மீது எச்சரிக்கையின்றி டேசர் பாய்ந்தது. முகங்குப்புறத் தார்ச்சாலையில் விழுந்து முன்பற்கள் நான்கு உடைந்தன. அதுவும் அளவு மீறல் என்றது அதே நீதிமன்றம். ஆனால் ஜார்ஜியாவில், நம்பர் பிளேட் விளக்கு எரியாததால் இரவில் நிறுத்தப்பட்ட லாரி ஓட்டுநர், ஐந்து முறை கேட்டும் காகிதங்களைக் கொண்டுவராமல் கத்திக்கொண்டே இருந்தபோது ஒருமுறை டேசரால் சுட்டது நியாயமே என்று 2004-இல் பதினோராம் வட்டார நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த மாநிலத்துச் சாலை என்பதைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும் என்பதால், வீடியோ எங்கே எடுக்கப்பட்டது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். என் பார்வையில் ஜார்ஜியத் தீர்ப்பு தாராளமானது. இருட்டும் கத்தலும் காவலரை அச்சுறுத்தும் என்பது சரி. இருந்தும் "சுடப் போகிறேன்" என்று சொல்ல ஒரு விநாடி போதும், அங்கே அது சொல்லப்படவில்லை.

எச்சரிக்கை இருந்ததா என்பதை நான் எப்போதும் தனியாகக் குறித்துக்கொள்வேன். எச்சரிக்கையிலும் தரம் உண்டு. 2015-இல் டெக்சாஸில், பாதை மாறும்போது சிக்னல் போடாததற்காக நிறுத்திய பெண்ணிடம், சிகரெட்டை அணைக்கும் பேச்சில் தொடங்கிய தகராறில், "உன்னைக் கொளுத்திவிடுவேன்" என்ற பொருளில் கத்தியபடி ஒரு காவலர் டேசரை நீட்டினார். சுடவில்லை, ஆனால் மூன்று நாள் கழித்து அந்தப் பெண் சிறையில் இறந்து கிடந்தார். கருவி எந்தக் கையில், எந்தப் பக்க உறையிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். மினசோட்டாவின் புரூக்ளின் சென்டரில் 2021 ஏப்ரலில், 26 ஆண்டு அனுபவமுள்ள காவலர் ஒருவர் "டேசர்! டேசர்!" என்று கத்திக்கொண்டே கைத்துப்பாக்கியால் சுட்டு 20 வயது இளைஞரைக் கொன்றார், ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

டேசர் நியாயமாகும் இடங்கள் இல்லாமல் இல்லை. காவலரைக் குத்தத் தொடங்கியவர், அவர் துப்பாக்கிக்குக் கை நீட்டுபவர், கத்தியோடு இறங்குபவர் ஆகியோர்மீது பயன்பட்டால், பல சமயம் அது தோட்டாவைத் தவிர்த்த உபகாரம். அந்த நியாயமும் பெரும்பாலும் விலங்கு பூட்டியதோடு முடிந்துவிடும்.

"நீதிமன்றமே விட்டுவிட்டது" என்று யாராவது வாதிட்டால், எதிலிருந்து விட்டது என்று கேளுங்கள். சியாட்டில், கொரொனாடோ இரண்டிலும் காவலர்கள் செய்தது தவறு என்று சொன்ன அதே தீர்ப்புகள், அன்றைக்குச் சட்டம் போதுமான அளவு தெளிவாக இருக்கவில்லை என்று கூறி அவர்களை நஷ்டஈட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தன. குவாலிஃபைட் இம்யூனிட்டி எனப்படும் அந்தப் பாதுகாப்பு, செயலை நியாயப்படுத்துவதில்லை.

கடைசியாக, கருவி ஒவ்வொரு முறை விசை இழுக்கப்பட்டபோதும் நேரத்தையும் கால அளவையும் தனக்குள்ளேயே பதிந்துகொள்கிறது. அரசுப் பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப்பெற வழிசெய்யும் அந்த மாநிலத்தின் பொதுப்பதிவுச் சட்டத்தின்கீழ் பாடி கேமராவோடு அந்தப் பதிவையும், காவலர் எழுதிய பலப்பிரயோக அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றும் கைக்கு வந்ததும், அறிக்கையில் எத்தனை முறை என்று எழுதியிருக்கிறது, கருவி எத்தனை முறை என்று சொல்கிறது என்பதை ஒப்பிடுவதிலிருந்து தொடங்குங்கள்.