பிரான்சுக்கு வரும் புதுவையினருக்கு: இரத்த உறைவைத் தூண்டும் எதிர்ப்பொருள் உள்ளவர்கள் கையோடு கொண்டுவர வேண்டியவை

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் குடும்பத்தோடு சேரவோ வேலைக்காகவோ பிரான்சுக்கு வருபவர்களில், ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இருப்பதாக ஊரில் கண்டறியப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், கொழுப்புப் படலத்தோடு பிணையும் நம் சொந்தப் புரதங்களையே பற்றிக்கொள்வதால், காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. சில பெண்களுக்குக் கரு தொடர்ந்து கலைவதும் இதனால்தான்.

லூபஸ் ஆன்டிகோயகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைகோபுரோட்டீன்-1 ஆகிய மூன்றையும் ஆய்வகத்தில் பார்ப்பார்கள். தொற்றுக் காய்ச்சலின்போது இவை தோன்றி மறைவதும் உண்டு என்பதால், குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் இருந்தால்தான் பொருட்படுத்துவார்கள்.

முதல் சோதனை, 12 வாரம் கழித்துச் செய்த மறுசோதனை ஆகிய இரண்டின் அறிக்கைகளையும், முக்கியமாக மருந்து தொடங்குமுன் எடுத்ததை, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ வேறெங்கு பார்த்தீர்களோ அங்கேயே நகல் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உறைவு எதிர்ப்பு மருந்து உடலில் இருக்கும்போது லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் சோதனையின் முடிவு குழம்பிவிடுவதால், பழைய அறிக்கையின் இடத்தை இங்கே எடுக்கும் புதிய சோதனையால் எளிதில் நிரப்ப முடியாது. அறிக்கை இல்லாமல் ‘காலில் இரத்தம் கட்டியிருந்தது’ என்று மட்டும் சொன்னால், புதிய மருத்துவர் வழக்கமான நோயாளியாகக் கருதி ரிவராக்சபான் போன்ற புதுவகை உறைவு எதிர்ப்பு மாத்திரைக்கு மாற்றிவிடக்கூடும். மூன்று எதிர்ப்பொருள்களும் உள்ளவர்களிடம் அம்மாத்திரை, பழைய உறைவு எதிர்ப்பு மருந்தான வார்ஃபரினைவிட அதிக உறைவுகளுக்கு இடந்தந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமையும் எச்சரித்தது. எனவே எதிர்ப்பொருள்கள் இருப்பதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

மருந்தின் கடைப்பெயரை நம்பாமல் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதி வாங்கி வாருங்கள். ஊரில் அசிட்ரோம் என்று வாங்கும் அசெனோகூமரால் இங்கே சின்ட்ரோம். வார்ஃபரின் இங்கே கூமாடின். ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. வந்தவுடன் ‘மெத்சேன் த்ரெத்தான்’ எனப்படும் குடும்ப மருத்துவரைப் பதிவு செய்யுங்கள். அவர் தரும் சீட்டைக் கொண்டு தெருவோர ஆய்வகத்திலேயே ஐ.என்.ஆர். (இம்மருந்தால் இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) பார்க்கலாம். சிரையில் உறைவு ஏற்பட்டவர்களுக்கு அது பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். காப்பீட்டுப் பதிவு முடியச் சில காலம் பிடிக்கலாம் என்பதால், மாத்திரை இடையில் தீர்ந்துவிடாதபடி போதிய கையிருப்போடு வருவது நல்லது.

கீரையில் உள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வேலையைக் குறைக்கும். ஆகவே இங்குள்ள சாப்பாட்டுப் பழக்கத்தால் கீரை திடீரென்று நின்றுபோனாலும், பாரிசின் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளில் முருங்கைக்கீரையைக் கண்ட மகிழ்ச்சியில் தினமும் சமைத்தாலும் ஐ.என்.ஆர். ஆட்டங்காணும், கீரையை விட வேண்டியதில்லை, ஒரே அளவில் உண்டால் போதும். உடல்வலிக்கு இபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும். ஊரிலிருந்து வரும் சூரணங்களை மருத்துவரிடம் காட்டிய பிறகே உட்கொள்ளுங்கள்.

பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் கரு உருவாகும் முன்பே சொல்லிவிட வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதால் ஹெப்பாரின் ஊசியும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தரப்படும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இவர்களுக்கு ஆகாது.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் 15 அல்லது 112-ஐ அழைத்து, உண்ணும் மருந்தின் பெயரை முதலிலேயே சொல்லுங்கள்.