மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு மூன்று தலைமுறை வம்சாவளிப் படம் வரைவது எப்படி

மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வருகிறதா என்று பார்க்க, ரத்தம் எடுப்பதற்கு முன்பே வம்சாவளிப் படம் கையில் இருக்க வேண்டும். 1990-இல் மரபியலாளர் மேரி கிளேர் கிங் குழு 23 குடும்பங்களை ஆராய்ந்துதான், இளவயதில் வரும் பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. படத்தில் பிழை இருந்தால் அடுத்து வரும் கணக்கெல்லாம் பிசகும்.

தாளைப் படுக்கைவாக்கில் வைத்து பென்சிலால் வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கருமை, இறந்தவர்மேல் சாய்கோடு, ஆய்வு யாரிடமிருந்து தொடங்கியதோ அவருக்கு அம்புக்குறி. பெயர் எழுதாதீர்கள். தலைமுறை எண்ணும் ஆள் எண்ணும் போதும். பெயர்ப் பட்டியல் தனிப் பதிவேட்டில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

அதிகம் தவறு நேர்வது உறவுமுறையில்தான். 'சித்தி' அம்மாவின் தங்கையாகவும் இருக்கலாம், சித்தப்பாவின் மனைவியாகவும் இருக்கலாம். முன்னவர் ரத்த உறவு, பின்னவர் பெரும்பாலும் இல்லை. 'அண்ணன்' என்பவர் பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் "இவருடைய அப்பா, அம்மா யார்?" என்று கேளுங்கள். உறவுக்குள் நடந்த திருமணத்துக்கு இரட்டைக் கோடு. அக்கா மகளை மணந்த தாய்மாமன் படத்தில் ஒருமுறைதான் வர வேண்டும். மாமனாக ஓரிடம், கணவனாக ஓரிடம் என்று வரைந்துவிட்டால் ஒரே ஆள் இருவராக எண்ணப்படுவார்.

இறந்த வயதைவிட நோய் கண்டுபிடித்த வயதுதான் முக்கியம். வயது நினைவில்லை என்றால், "மூத்த மகள் கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். 'வயித்துல கட்டி' என்பது இரைப்பையா, கர்ப்பப்பையா, சினைப்பையா என்பது பயாப்ஸி அறிக்கை பார்க்கும்வரை 'உறுதியில்லை' என்றே இருக்கட்டும். கர்ப்பப்பை எடுத்தவர்களிடம், சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா, எந்த வயதில் என்று கேட்டே ஆக வேண்டும். நோய் வராததற்கு அந்த அறுவையே காரணமாக இருக்கலாம். நலமாக இருப்பவர்களின் வயதையும் குறியுங்கள்.

அப்பா வழியை விட்டுவிடுவது பெரிய தவறு. இந்தப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களின் மாற்றம் அப்பாவிடமிருந்தும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்போடு வரும். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் ஆண்கள் என்றால் நோய் வெளியே தெரியாமலே கடந்திருக்கும். ஆண்களின் மார்பக, புரோஸ்டேட், கணையப் புற்றுநோயையும் கேளுங்கள். பெண் பார்க்கும் வயதில் மகள் இருக்கும் வீடுகளில் நோயை மறைப்பார்கள். கூட்டத்தில் கேட்காமல் தனியே கேளுங்கள், அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுங்கள்.

மரபணுச் சோதனையை முடிந்தவரை நோய் வந்தவரிடமிருந்து, இளவயதில் வந்தவர் இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். குடும்பத்தின் மாற்றம் எது என்று தெரியாமல், நலமாக இருப்பவருக்கு முதலில் சோதித்து 'இல்லை' என்று வந்தால், அதை வைத்து அவருக்கு ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது. 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' (நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்னும் தெரியாதது) என்று வந்தால் அதை மட்டும் நம்பி அறுவைக்கு யாரையும் அனுப்பாதீர்கள். தேதியோடு குறித்து வைத்து, ஆய்வகத்தில் அதன் வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று அவ்வப்போது கேளுங்கள்.