கடைவீதியில் பார்க்கிங்: திட்டம் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஒரு ஊரின் கடைவீதிக்கு பார்க்கிங் திட்டம் போடச் சொன்னால், புதிதாக வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இன்னும் எத்தனை வண்டிக்கு இடம் வேண்டும்?" இந்த வேலையில் முன்னால் இறங்கியவர்களும் அங்கேதான் தொடங்கினார்கள், அங்கேதான் வழுக்கினார்கள். கோடு போடாமல் விடுவது, பலகை வைக்க மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பணத்தையும் கடைவீதியையும் சேர்த்து விழுங்கும் தவறுகள் வேறு.

வண்டியை எண்ணிவிட்டு, யாருடைய வண்டி என்று பார்க்காமல் விடுவது

உலகின் முதல் பார்க்கிங் மீட்டர், அதாவது காசு போட்டு நிறுத்தும் நேரத்தை வாங்கும் கருவி, 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நடப்பட்டது. கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியரின் யோசனை அது. மணிக்கு 5 சென்ட். நகர மையத்தில் வேலை பார்ப்பவர்களே காலையில் வந்து காரை ஓரங்கட்டிவிட்டு மாலை வரை எடுக்காததால், பொருள் வாங்க வந்தவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. வியாபாரிகளின் அந்தப் புகாருக்குத்தான் மீட்டர் பதில். இன்று எந்த ஊர்க் கடைவீதியில் காலை 10 மணிக்குப் போய் நின்றாலும் இதே காட்சியைப் பார்க்கலாம்: கடை வாசலில் முதலில் நிற்பது முதலாளியின் வண்டி, அடுத்து ஊழியர்களுடையவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் 20 கார் இடம். அதில் 10 இடத்தை ஊழியர்கள் காலை 10 முதல் இரவு 9 வரை பிடித்துக்கொள்கிறார்கள். 110 மணி நேரம் போயிற்று. ஒரு வாடிக்கையாளர் சராசரியாக முக்கால் மணி நேரம் நிறுத்துவார் என்றால், அதே 10 இடம் 146 பேருக்கு உதவியிருக்கும். புதிதாக ஒரு செங்கல் வைக்காமலே கிடைக்கும் இடம் இது.

ஆகவே எண்ண வேண்டிய முறை: தெருவை 30 மீட்டர் துண்டுகளாகப் பிரியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு எண்ணையும் குறியுங்கள். ஒரு ஆளுக்கு அரை மணியில் சுற்றி முடிக்கக்கூடிய தூரம் மட்டும் கொடுங்கள். அதிகம் கொடுத்தால் கடைசித் துண்டுகளை உத்தேசமாக நிரப்பிவிடுவார். காலை 8 முதல் இரவு 9 வரை, ஒரு சாதாரண நாளும் ஒரு சனிக்கிழமையும் போதும். ஒரே எண் எட்டுச் சுற்றுக்கு மேல் வந்தால் அது வாடிக்கையாளர் வண்டி இல்லை. டூவீலரைத் தனித் தாளில் எழுதுங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதியின் அளவுப்படி காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம்; டூவீலருக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர். கார் ஒன்று நீளவாக்கில் பிடிக்கும் ஓரத்தில் ஐந்து பைக் நிற்கும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் தொகை தப்பாகும்.

"எங்க கஸ்டமர் எல்லாம் கார்லதான் வர்றாங்க"

வியாபாரி சங்கக் கூட்டத்தில் கேட்கும் இந்த வாக்கியத்தை அப்படியே திட்டத்தில் எழுதாதீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கார் நிறுத்த இடமில்லை என்று புலம்பும் வாடிக்கையாளரின் குரல் கடைக்குள் கேட்கிறது. பஸ்ஸில் வந்தவர் எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போகிறார். பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், வாடிக்கையாளரில் 21.6 சதவீதம் பேர் காரில் வருவதாக வியாபாரிகள் சொன்னார்கள். வாடிக்கையாளரிடமே கேட்டபோது 6.6 சதவீதம்தான் தேறியது.

தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் கார் நுழையவே வழியில்லை. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியைக் கொண்டுவந்து இறக்குவது மாம்பலம் ரயில் நிலையமும் பஸ் நிலையமும்தான். இரண்டையும் இணைக்க 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையை ஒரு பார்க்கிங் திட்டத்தின் பகுதியாகவே பார்க்க வேண்டும். கடை வாசலில் நின்று மூன்றே கேள்வி கேளுங்கள்: எதில் வந்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், மாதத்தில் எத்தனை முறை வருவீர்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டால், மாதம் ஒருமுறை காரில் வருபவர் வாரம் மூன்று முறை நடந்து வருபவரைவிடப் பெரிய ஆளாகத் தெரிவார்.

தெருவோரம் இலவசம், அடுக்குமாடியில் காசு

எத்தனை ஊர் பட்ட பிறகும் அடுத்த ஊர் இதையேதான் செய்கிறது. நெரிசல் என்று புகார் வந்ததும் பல அடுக்கு பார்க்கிங் கட்டடம் ஒன்றுக்குத் திட்டம் தயாராகிறது. கட்டுகிறார்கள், திறக்கிறார்கள், உள்ளே மணிக்கு இவ்வளவு என்று கட்டணப் பலகை வைக்கிறார்கள். வெளியே தெருவோரம் அப்படியே விடப்படுகிறது: இலவசமாக, அல்லது பெயருக்கு ஒரு கட்டணத்தோடு, கேட்க ஆளில்லாமல். கட்டடத்தின் மேல் மாடிகள் காற்று வாங்குகின்றன. தெருவில் நெரிசல் பழையபடியே இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் "கட்டடம் போதவில்லை" என்று பேச்சு எழுகிறது. இதைப் பார்க்கும்போது உண்மையாகவே கோபம் வருகிறது.

ஓட்டுநரின் கணக்கைப் பாருங்கள். உள்ளே மணிக்கு 40 ரூபாய் என்றால் இரண்டு மணி நேரக் கொள்முதலுக்கு 80 ரூபாய். வெளியே பத்து நிமிடம் சுற்றினால் இரண்டு கிலோமீட்டர். நெரிசலில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றாலும் பெட்ரோல் ஏறக்குறைய 20 ரூபாய்தான். சுற்றுவதால் அவருக்கு 60 ரூபாய் மிச்சம். அவர் சுற்றத்தான் செய்வார். அவரைப் போல நூறு பேர் சுற்றுவதைத்தான் நாம் போக்குவரத்து நெரிசல் என்கிறோம்.

இந்தக் கணக்கை அளந்து காட்டியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். அந்தப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் வில்லேஜ், சுற்றிலும் தெரு சூழ்ந்த கட்டடத் தொகுதிகள் வெறும் 15 கொண்ட கடைப்பகுதி. அவர் அளந்தபோது அங்கே தெருவோரம் மலிவு, கட்டடத்துக்குள் விலை அதிகம். ஒரு கார் இடம் தேடும் நேரம் சராசரியாக 3.3 நிமிடம்தான். ஆனால் எல்லாக் கார்களையும் கூட்டினால் இடம் தேடியே ஆண்டுக்கு ஏறத்தாழ 9.5 லட்சம் மைல் ஓடுகிறார்கள் என்று அவர் கணக்கிட்டார்.

தியாகராய நகரில் தணிகாசலம் சாலையில் 200-க்கும் மேற்பட்ட கார்களும் 500-க்கும் மேற்பட்ட டூவீலர்களும் நிற்கும் அடுக்குமாடி இருக்கிறது. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டபோது சாலையோர இடம் சுருங்கியது. அதற்கு ஈடான ஏற்பாடு இது. ஈடு சரிதான். ஆனால் சுற்றியுள்ள தெருக்களில் ஓரம் எளிதாகக் கிடைக்கும்வரை எந்த அடுக்குமாடியும் இரண்டாவது விருப்பமாகவே இருக்கும்.

இயந்திர லிஃப்ட் வகை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. மொத்தக் கொள்ளளவைத்தான் விளம்பரப் பலகையில் போடுகிறார்கள். கார் வெளியே வரும் வேகத்தை யாரும் கேட்பதில்லை. ஒரே லிஃப்ட், ஒரு காருக்கு 3 நிமிடம் என்றால், கடை சாத்தும் நேரத்தில் ஒன்றாக வரும் 40 பேரில் கடைசி ஆள் 2 மணி நேரம் நிற்க வேண்டும். அவர் அடுத்த முறை அங்கே விடமாட்டார். டெண்டர் எழுதும்போதே உச்ச நேரத்தில் மணிக்கு எத்தனை கார் வெளியேற வேண்டும் என்ற எண்ணைப் போடுங்கள். கார் ஏறி நிற்கும் தட்டின் உயர வரம்பையும் எடை வரம்பையும் பாருங்கள்; இன்று விற்கும் எஸ்யூவிகள் நுழையாத தட்டுகள் பாதிக் காலியாகவே இருக்கும்.

சரியான வரிசை தலைகீழ். முதலில் தெருவோரத்துக்கு விலை வையுங்கள், அடுத்திருக்கும் கட்டடத்தைவிடக் கூடுதலாக. 20 இடம் உள்ள தெருவில் எந்த நேரமும் இரண்டு மூன்று இடம் காலியாக இருந்தால் விலை சரி. எப்போதும் நிறைந்தே இருந்தால் ஏற்றுங்கள். பாதி காலி என்றால் இறக்குங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ 2011 முதல் மீட்டர் வைத்த ஏறக்குறைய 7,000 இடங்களில் இதைச் செய்து பார்த்தது. ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரையுள்ள தெருத்துண்டு வாரியாக, காலை, மதியம், மாலை என்று தனித்தனி விலை. இடங்கள் 60 முதல் 80 சதவீதம் நிறைந்திருப்பதே இலக்கு. ஏற்றினால் ஒரு தடவைக்கு 25 சென்ட்தான். சோதனை முடிந்தபோது சராசரிக் கட்டணம் தெருவிலும் கட்டடங்களிலும் கொஞ்சம் குறைந்திருந்தது. விலை வைப்பது என்றாலே விலை ஏற்றுவது என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் இப்படி நடத்தி, மறுபடி எண்ணுங்கள். அப்போதும் இடம் போதவில்லை என்றால் கட்டடம் கட்டுங்கள்.

வசூலான பணம் எங்கே போகிறது என்பதையும் அதே தெருவில் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில், 'பழைய பாசடீனா' என்ற கடைப்பகுதியில் 1993-ல் மணிக்கு ஒரு டாலர் மீட்டர் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். வசூல் அந்தப் பகுதிக்கே செலவாகும் என்று நகராட்சி ஒப்புக்கொண்ட பிறகே இணங்கினார்கள். நடைபாதை, விளக்கு, மரம், சந்துகளைச் சுத்தம் செய்வது என்று பணம் தெருவுக்கே திரும்பியது. பாழடைந்து கிடந்த அந்தப் பகுதியில் மீண்டும் கூட்டம் சேர்ந்தது.

"இரண்டு மணி நேரம் மட்டும்" என்ற பலகை

ஊழியர் இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியைப் பத்தடி நகர்த்துவார்.

வசூலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மறந்துவிடுவது

ஆண்டு ஏலத்தில் எடுத்தவருக்கு வண்டி மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அக்கறை எதற்கு? எத்தனை வண்டியைத் திணிக்கலாம் என்றே பார்ப்பார். இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, சாவியை வாங்கி வைத்துக்கொள்வது எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. குத்தகை விட்டே ஆக வேண்டும் என்றால் கட்டணத்தை மாற்றும் உரிமையையும் இடத்தைக் குறைக்கும் உரிமையையும் நகராட்சி கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிகாகோ 2008-ல் தன் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக்கு ஏறத்தாழ 115 கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஒரு தெருவில் சைக்கிள் பாதையோ பஸ் பாதையோ போட மீட்டர் இடத்தை எடுத்தால் நகரமே அந்த நிறுவனத்துக்கு ஈடு கட்ட வேண்டும். வந்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போய்விட்டது. ஒப்பந்தம் இன்னும் பல பத்தாண்டு ஓடும்.

சரக்கு வண்டிக்கு இடம் விடாதது

ஒவ்வொரு தெருத்துண்டிலும் லோடு ஆட்டோவுக்கு ஒரு இடம், காலை 11 மணி வரை. இல்லையேல் அது சாலை நடுவில் நிற்கும்.

சிறு கடைக்கும் கார் இடம் கேட்பது

ஒரு காருக்கான 12.5 சதுர மீட்டரோடு உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகும். அரை கிரவுண்டு மனை ஏறக்குறைய 111 சதுர மீட்டர். கட்டட விதி நான்கு காருக்கு இடம் கேட்டால் தரைத்தளமே போயிற்று. கடை மாடிக்கு ஏறுகிறது, அல்லது விதியை ஏய்த்துக் கட்டிவிட்டு பார்க்கிங்கைக் கிடங்காக்குகிறார்கள். இப்படிக் குறைந்தபட்ச இடம் கேட்டுக் கேட்டு அமெரிக்க நகர மையங்கள் பலவற்றில் கட்டடங்களை இடித்து கார் மைதானம் ஆக்கினார்கள். நடந்து போகிறவருக்குப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. பஃபலோ நகரம் 2017-ல் அந்த விதியையே நீக்கியது. அதே ஆண்டு மெக்சிகோ சிட்டி, இத்தனை இடமாவது வேண்டும் என்ற குறைந்தபட்சத்தை, இதற்கு மேல் கூடாது என்ற அதிகபட்சமாக மாற்றியது. பஸ்ஸும் ரயிலும் வரும் கடைவீதியில் நாமும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

தீபாவளிக் கூட்டத்தை வைத்து அளவெடுப்பது

ஆண்டில் பதினைந்து இருபது நாள் கூட்டத்துக்காக நிரந்தரக் கட்டடம் கட்டினால் மீதி நாளெல்லாம் பராமரிப்புச் செலவு. அந்த நாட்களுக்கு மாலை நேரத்திலும் விடுமுறையிலும் காலியாகக் கிடக்கும் பள்ளி மைதானத்தையும் அலுவலக வளாகத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். அங்கிருந்து கடைவீதிக்கு பத்து நிமிடத்துக்கு ஒரு மினி பஸ், இரவு கடைசிக் கடை சாத்திய பிறகு அரை மணி நேரம் வரை. கையில் பையோடும் குழந்தையோடும் திரும்பும் குடும்பத்துக்கு அந்தக் கடைசி அரை மணி நேர பஸ் இல்லையென்றால், மறுநாள் அந்த வண்டி மறுபடி கடைத்தெருவுக்குள்தான் வரும்.