முறுக்குப் பிழியும் இரவில் பழைய டின்னைத் திறவுங்கள்

தீபாவளிக்குப் பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டுக்கு வருவதே இரண்டு நாளுக்குத்தான். ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களின் கதையைச் சேர்த்து வைக்க, அதில் ஒரு மணி நேரத்தை வீட்டிலுள்ள பழைய பிஸ்கட் டின்னுக்கு ஒதுக்குங்கள். பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் எல்லாம் அதில்தான் கிடக்கும்.

முறுக்குப் பிழியும் இரவே இதற்கு நல்ல நேரம். கை வேலையாக இருக்கும்போது பெரியவர்கள் தாமாகவே பேசுவார்கள். அவர்களிடம் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் வைத்தால் இரைச்சலில் குரல் அமுங்கிவிடும். "தோட்டம் எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. "பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க பாட்டி? பால் நிறுக்குற இடம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரட்டு என்றால் வேலைக்கு முன் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது; பால் என்றால் ரப்பர் பால்.

படத்தின் பின்புறம் பெயர், உறவு, தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு) ஆகியவற்றை மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் எடுத்தாலே போதும்.

தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய தாள் ஏதும் கிடைத்தால் பிள்ளைகள் கையில் கொடுங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அப்போது மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. அவர் பிறந்த ஊரும் சுங்கை சிப்புட்தான். தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள்!

பதிவை அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஒருவர் கைப்பேசி தொலைந்தாலும் பாட்டியின் குரல் மற்றவர்களிடம் இருக்கும்.