சவுண்ட்டிராக் ஆல்பம் மறுவெளியீடு: வாதத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ராக் இசைக்குழுவின் சவுண்ட்டிராக் ஆல்பம் மறுபடி வெளிவந்தால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். "பாஸே கேட்கவில்லை, கெடுத்துவிட்டார்கள்" என்பது ஒரு தரப்பு. "இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லை" என்பது மறு தரப்பு. இருவருமே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கேட்டது ஒரு மிக்ஸ், மற்றவர் கேட்டது வேறொன்று. பெயரும் அட்டைப்படமும் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று இருவரும் நம்பிவிடுகிறார்கள். சாதாரண ஸ்டுடியோ ஆல்பத்தில் இந்தக் குழப்பம் குறைவு. சவுண்ட்டிராக்கிலோ தியேட்டருக்கு ஒரு மிக்ஸ், இசைத்தட்டுக்கு ஒரு மிக்ஸ், நாட்டுக்கு நாடு வேறு பாடல் பட்டியல் என்று தொடக்கத்திலேயே கிளை பிரிந்துவிடுகிறது.

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு

ரீமிக்ஸ் என்றதும் பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் போட்டது நம் நினைவுக்கு வரும். இங்கே பொருள் அதுவல்ல. டிரம்ஸ், கிட்டார், குரல் ஆகியவை தனித்தனித் தடங்களாக உள்ள மூல டேப்புக்குத் திரும்பிப் போய், எது எவ்வளவு கேட்க வேண்டும், எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று முதலிலிருந்து சமைப்பதே ரீமிக்ஸ். ரீமாஸ்டர் என்பது ஏற்கெனவே கலந்து முடித்த ஸ்டீரியோ டேப்பை எடுத்து, அதன் ஒட்டுமொத்தத் தொனியையும் சத்த அளவையும் மட்டும் சரிசெய்வது. அடங்கிப்போன பாஸ் கிட்டாரை ரீமாஸ்டரில் தனியாகத் தூக்க முடியாது. தூக்கினால் அதே அலைவரிசையில் உள்ள டிரம்ஸும் சேர்ந்தே எழும்.

லெட் செப்பலினின் 'தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்' இதற்கு நல்ல பாடம். அதே பெயர் கொண்ட கச்சேரிப் படத்தின் ஆல்பம் அது; 1973 ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கச்சேரிகளின் பதிவு. 1976ல் ஒன்பது பாடல்களோடு வந்தது. 2007ல் ஒலிப்பொறியாளர் கெவின் ஷர்லி புதிதாக மிக்ஸ் செய்தார். ஆறு பாடல்கள் கூடின. பாடல்களை வெட்டி ஒட்டிய இடங்களும் மாறின. 'டேஸ்டு அண்ட் கன்ஃபியூஸ்டு' 1976 தட்டில் 27 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, 2007ல் 29 நிமிடத்துக்கு மேல். 2018ல் வந்தது அந்த 2007 வடிவத்தின் ரீமாஸ்டர். 1976 எல்.பி.யோடு வளர்ந்தவர் 2018 பதிப்பைக் கேட்டு "ரீமாஸ்டரில் கிட்டாரை மாற்றிவிட்டார்கள்" என்று சொன்னால், அவர் காது சரிதான். குற்றத்தைச் சுமத்தும் இடம்தான் தவறு. மாற்றம் 2007லேயே நடந்துவிட்டது.

பிங்க் ஃப்ளாய்டின் 'அப்ஸ்கியூர்ட் பை கிளவுட்ஸ்' ஆல்பமும் இப்படித்தான். 2016ல் வந்த 'தி எர்லி இயர்ஸ்' பெட்டியில் இருப்பது புதிய ரீமிக்ஸ். அதை வைத்துக்கொண்டு 1972 தட்டின் ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இன்னொன்று, ரீமாஸ்டரிடம் அது தர முடியாததைக் கேட்பது. குயீனின் 1980 'ஃப்ளாஷ் கார்டன்' ஆல்பத்தில் படத்தின் வசனங்கள் இசையோடு கலந்திருக்கின்றன. ஒவ்வொரு மறுவெளியீட்டின்போதும் "வசனத்தை ஏன் எடுக்கவில்லை" என்ற கேள்வி எழுவது இயல்புதான். ஆனால் முடிந்த ஸ்டீரியோ டேப்பில் வசனமும் இசையும் ஒரே கலவை. தனித் தடங்களிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்தால்தான் வசனம் இல்லாத வடிவம் கிடைக்கும். அதே ஆல்பத்தின் முதல் பாடலும் 'ஃப்ளாஷ்' என்ற சிங்கிளும் ஒன்றல்ல; சிங்கிளுக்கு வசனத் துண்டுகளை வேறு விதமாகத் தொகுத்தார்கள். "என் நினைவில் இருந்த வரி காணாமல் போய்விட்டது" என்று புகார் எழுதுமுன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

எது முழுமை என்று முடிவு செய்யாமல் 'முழு ஆல்பம்' கேட்பது

டாக்கிங் ஹெட்ஸின் கச்சேரிப் படமான 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' ஆல்பம் 1984ல் ஒன்பது பாடல்களோடு வந்தது. 1999ல் பதினாறு, 2023ல் பதினெட்டு. 2023ல் சேர்ந்த 'சிட்டீஸ்', 'பிக் பிசினஸ் / ஐ ஸிம்ப்ரா' இரண்டும் தியேட்டர் படத்தில் இல்லாதவை. ஆகவே படம் முழுமையாக வேண்டுமென்றால் 1999, பதிவான கச்சேரி வேண்டுமென்றால் 2023, இளவயதில் தேயத் தேயக் கேட்ட அந்தத் தட்டே வேண்டுமென்றால் 1984. மூன்றும் மூன்று தேவைகள். நீளமானது தானாகவே உயர்ந்ததாகிவிடாது. 1984 எல்.பி.யின் சுருக்கத்தை விரும்புகிறவருக்கு அதற்கான நியாயம் இருக்கிறது.

படத்தில் உள்ளதெல்லாம் ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கும் ஆதாரம் கிடையாது. லெட் செப்பலினின் 1976 ஆல்பத்தில் உள்ள 'செலிப்ரேஷன் டே' படத்தில் இல்லை. படத்தில் உள்ள 'பிளாக் டாக்' அந்த ஆல்பத்தில் இல்லை.

பீட்டில்ஸ் விஷயத்தில் நாட்டைக் குறிப்பிடாமல் பேசவே முடியாது. 1964ன் 'எ ஹார்ட் டேஸ் நைட்' பிரிட்டனில் பதின்மூன்று பாடல்கள். அமெரிக்காவில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்டதில் எட்டு பீட்டில்ஸ் பாடல்கள், மீதி நான்கு அவர்களின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் வாத்திய இசை. 1969ன் 'யெல்லோ சப்மரின்' தட்டில் ஒரு பக்கம் ஆறு பாடல்கள், மறுபக்கம் ஜார்ஜ் மார்ட்டினின் பின்னணி இசை. 1999ல் வந்த 'யெல்லோ சப்மரின் சாங்டிராக்' அதன் மறுவெளியீடு அல்ல. அது பதினைந்து பாடல்களை ரீமிக்ஸ் செய்து, பின்னணி இசையை முற்றிலும் விட்டுவிட்டு உருவாக்கிய தனி ஆல்பம். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒலித்தரம் ஒப்பிடுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒற்றை ஒலித்தடம், வேண்டும் என்ற ஆசையிலும் ஒரு பொறி உண்டு. 'யெல்லோ சப்மரின்' மோனோ எல்.பி. உண்மையான மோனோ மிக்ஸ் அல்ல, ஸ்டீரியோவின் இரு பக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்தது. அதனால்தான் 2009 மோனோ பெட்டியில் அந்த ஆல்பம் இடம்பெறவில்லை. அதன் நான்கு புதிய பாடல்களின் அசல் மோனோ மிக்ஸ்கள் 'மோனோ மாஸ்டர்ஸ்' தொகுப்புக்குள் போயின. விடுபட்டதை மோசடி என்று பேசியவர்கள் இந்தக் காரணத்தைத் தேடிப் பார்த்திருக்கலாம்.

படத்தின் டிஸ்க்கோடு வேகத்தை ஒப்பிடுவது

"புதிய ஆல்பம் மெதுவாக ஓடுகிறது, சுருதி இறங்கியிருக்கிறது" என்ற புகார் சவுண்ட்டிராக்குகளுக்கே உரியது. பெரும்பாலும் தவறு ஆல்பத்தில் இருக்காது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். பால் (PAL) எனும் ஒளிபரப்பு முறையில் அமைந்த டி.வி.டி.யிலும் தொலைக்காட்சியிலும் அதை 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள். வேகம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு உயரும். பல வருடம் அந்த டி.வி.டி.யையே பார்த்துப் பழகிய காதுக்குச் சரியான வேகம் சோர்வாகத்தான் தோன்றும். கண்டுபிடிப்பது எளிது: ஆல்பத்தில் 300 நொடி ஓடும் பகுதி டி.வி.டி.யில் 288 நொடி ஓடினால், காரணம் இதுவே.

சத்த அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது

வாதங்களில் பாதி இந்த ஒரு தவறால்தான் வீணாகிறது. இரண்டு ஒலிகளில் சற்றே உரக்க ஒலிப்பது நம் காதுக்கு "தெளிவானது", "பாஸ் நிறைந்தது" என்று படும். ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான வித்தியாசத்தைச் சத்தம் என்று உணரமாட்டோம், தரம் என்று உணர்வோம். 1980களின் சி.டி.யைவிடப் புதிய ரீமாஸ்டர்கள் பல டெசிபெல் உரக்க இருப்பது சகஜம். அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டால் முதல் பத்து நொடியில் புதியது வெல்லும். ஒரு மணி நேரம் கேட்டபின் களைப்பு தட்டும். இரண்டு தீர்ப்பும் சத்த அளவு கொடுத்த தீர்ப்பு.

சரியான முறை இது. இரண்டு பதிப்பின் சி.டி.யையும் இழப்பில்லா ஃபைலாக, ஃப்ளாக் அல்லது வேவ் வடிவில் எடுங்கள். ஒரே பாடலில் குரல், டிரம்ஸ், பாஸ் மூன்றும் உள்ள 30 முதல் 60 நொடிப் பகுதியை வெட்டுங்கள். இரு துண்டுகளின் லஃப்ஸ் (LUFS, காது உணரும் சத்தத்தின் அலகு) அளவையும் அதற்கான மென்பொருளில் அளந்து, உரத்ததைக் குறையுங்கள். மெல்லியதை ஏற்றக் கூடாது. உச்சங்கள் மேல் எல்லையில் முட்டி உடைந்துபோகும். வித்தியாசம் 0.2 டெசிபெல்லுக்குள் வர வேண்டும். பிறகு ஃபூபார்2000 என்ற இசை மென்பொருளின் ஏபிஎக்ஸ் எனும் ஒப்பீட்டுக் கருவியில் எது எது என்று தெரியாமல் கேட்டுக் கண்டுபிடிக்கப் பாருங்கள். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது வெறும் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 9 முறைதான் சரி என்றால், அந்தப் பாட்டைப் பொறுத்தவரை இரு பதிப்புக்கும் சண்டை போட வேண்டியதில்லை.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டு ஒப்பிடுவோர் முதலில் செயலியின் ஒலி சமன்படுத்தும் வசதியை அணைக்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே ஓடுவது எந்தப் பதிப்பு என்று பார்ப்பது. புதிய ரீமாஸ்டர் வந்ததும் பழையதைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு அதே பக்கத்தில் புதியதை வைப்பது வழக்கம். பழைய ஆண்டு போட்டிருப்பதால் பழைய மிக்ஸ் என்று அர்த்தமில்லை.

எண்ணையும் வரைபடத்தையும் சாட்சியாக நிறுத்துவது

ஒலியின் ஏற்ற இறக்க வீச்சைச் சொல்லும் டி.ஆர். எண் பயனுள்ளது, ஆனால் சி.டி.க்கும் சி.டி.க்கும் இடையில் மட்டும். எல்.பி.யிலிருந்து பதிவு செய்த ஃபைலில் டி.ஆர். எண் சி.டி.யைவிட உயர்வாக வரும், இரண்டும் லிமிட்டர் (உச்சங்களை அமுக்கும் கருவி) போட்ட ஒரே மாஸ்டரிலிருந்து வந்திருந்தாலும். தட்டு வெட்டும் கருவியும் ஊசியும் ஒலி அலையின் கட்டத்தை (ஃபேஸ்) நகர்த்துவதால், தட்டையாக்கப்பட்ட உச்சங்கள் மறுபடி கூர்மையானதுபோல் மீட்டர் கணக்கிடுகிறது. இழந்த ஏற்ற இறக்கம் திரும்பி வந்துவிடவில்லை.

96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் வாங்கினால் ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் வரைபடம், பார்ப்பது நல்ல பழக்கம். 22 கிலோஹெர்ட்ஸில் சுவர் எழுப்பியதுபோல் ஒலி நின்றுவிட்டால், அது சி.டி. தரத்திலிருந்து ஊதிப் பெருக்கியதாக இருக்கலாம். ஆனால் மூலப் பதிவே டிஜிட்டலாக இருந்தால் அந்தச் சுவர் நேர்மையானது. 1983ல் பதிவான 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' டிஜிட்டல் கருவிகளால் பதிவானது. அதன் மறுவெளியீட்டில் "அனலாக் டேப்பின் இதம் போய்விட்டது" என்று வருந்துவதில் பொருளில்லை.

புதிய ரீமாஸ்டர் என்று விற்பது பழைய ஃபைல்தானா என்ற சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. இரண்டையும் ஒரு மாதிரிப்புள்ளி கூடப் பிசகாமல் அடுக்கி, ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாக்கி, சேர்த்துக் கேளுங்கள். முழு அமைதி என்றால் இரண்டும் ஒன்றே. டேப்பை இரண்டு முறை ஓட்டி எடுத்த இரு பதிப்புகளில் இது செல்லாது. டேப் ஒவ்வொரு முறையும் நூலிழை வேறுபாட்டோடு ஓடுவதால் எப்போதும் மிச்சம் கேட்கும்.

1980களின் தொடக்கச் சி.டி. வைத்திருப்பவர்கள் ப்ரீ-எம்ஃபசிஸ் பற்றியும் விசாரியுங்கள். சில டிஸ்க்குகளில் உயர் ஒலிகளைத் தூக்கிப் பதித்து, பிளேயர் அதைத் திரும்ப இறக்கும்படி குறியிட்டிருப்பார்கள். கணினியில் ஃபைலாக எடுக்கும்போது அந்தக் குறி தவறினால் 10 கிலோஹெர்ட்ஸில் ஏழு டெசிபெல்லுக்கு மேல் கூடுதலாக ஒலிக்கும். "பழைய சி.டி. பளிச்சென்று இருக்கும், புதியது மந்தம்" என்ற வாதம் இப்படியும் பிறக்கும்.

தட்டின் குறையை மாஸ்டரின் தலையில் கட்டுவது

33⅓ வேக எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வசதியானது. அதற்கு மேல் போனால் தட்டில் ஊசி ஓடும் வரிகளை நெருக்க வேண்டும். சத்தத்தையும் பாஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். லெட் செப்பலினின் 2018 பதிப்பில் அந்த 29 நிமிடப் பாடலை உடைக்காமல் ஒரே பக்கத்தில் வைத்தார்கள். கேட்கும் அனுபவத்துக்கு அது பெரிய வரம். ஆனால் அந்தப் பக்கம் மட்டும் மெல்லமாக ஒலிக்கிறதே, இரைச்சல் தெரிகிறதே என்றால் அது நீளத்துக்குக் கொடுத்த விலை.

பக்கத்தின் கடைசிப் பாட்டில் "ச", "ஸ" ஒலிகள் சிதறினால் வேறு காரணம். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது. உள்ளே அது 21 ஆகக் குறைகிறது. ஊசியின் கோணம் சற்றுப் பிசகினாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை அளவுகோல் வைத்துச் சரிசெய்த பிறகு பேசுங்கள். சுருதி ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஆடினால் நடுத்துளை விலகியிருக்கிறது; அது அந்த ஒரு பிரதியின் குறையாகவும் இருக்கலாம். புதுத் தட்டில் டிக்டிக் சத்தம் என்றால் முதலில் கழுவுங்கள். காகித உறையின் தூளும் நிலைமின்சாரமும் புதுத் தட்டிலும் உண்டு.

எந்தப் புகாரோடும் அட்டையின் படத்தை அனுப்பிப் பயனில்லை. கடைசி வரிக்கும் லேபிளுக்கும் இடையில் உள்ள வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் எண்களையும் இரு பக்கமும் அப்படியே எழுதுங்கள். ஒரே ஆல்பத்தை இரண்டு ஆலைகள் அச்சிடும்போது வேறுபாடு அங்கேதான் தெரியும். கூடவே பாடல், நிமிடம், நொடி, இடதா வலதா என்பதும் வேண்டும். அதே எண் கொண்ட வேறு இருவரின் தட்டிலும் அதே நொடியில் இடப்பக்கம் மங்கினால், பழைய பதிப்பில் அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் மங்கினால் மூல டேப்பிலேயே விழுந்த பழைய காயம். புதியதில் மட்டும் என்றால், நொடிக் கணக்கோடு வெளியீட்டாளருக்கு எழுதி மாற்றுத் தட்டு கேளுங்கள்.