கீழ்த் தைராய்டு தமனியைத் தேடுவது எப்படி?

உடற்கூறு வகுப்பில், பதப்படுத்திய உடலின் கழுத்தில் தைராய்டு சுரப்பிக்கு ரத்தம் கொண்டுவரும் இந்தத் தமனியைத் தேடும்போது, முதலில் ஸ்கால்பெலை (அறுவைக் கத்தியை) தட்டில் வையுங்கள். இங்கே ஃபோர்செப்ஸும் விரலும் போதும். முதலாம் ஆண்டில், தைராய்டின் பின்னால் தெரிந்த வெள்ளை இழையை வெறும் சவ்வு என்று நினைத்து அறுத்தெறிந்தவள் நான். அது குரல்வளைக்குப் போகும் ரிக்கரன்ட் லாரிஞ்சியல் நரம்பு. எங்கள் மேசை மாணவர்கள் அதைப் பார்க்கப் பக்கத்து மேசைக்குப் போக வேண்டியதாயிற்று.

மேல் தைராய்டு தமனி கழுத்தின் பெரிய தமனிகளில் ஒன்றான வெளிக் கரோட்டிடிலிருந்து இறங்கிச் சுரப்பியின் மேல்முனைக்கு நேராக வந்துவிடும். ஒளிந்து விளையாடுவது கீழ்த் தமனிதான்.

கழுத்தின் பக்கவாட்டுத் தசையான ஸ்டெர்னோமாஸ்டாய்டையும் சுரப்பியை மூடிய பட்டைத் தசைகளையும் விலக்கியபின், கரோட்டிட் தமனியைச் சுற்றியுள்ள உறையை வெளிப்புறமாக ஒருவர் இழுத்துப் பிடிக்கட்டும். நீங்கள் சுரப்பியின் மடலை நடுக்கோட்டை நோக்கி மெல்லப் புரட்டுங்கள். இடையில் விழும் பள்ளத்தில், ஆறாவது கழுத்து முள்ளெலும்பின் மட்டத்தில், உறைக்குப் பின்னாலிருந்து வில்போல வளைந்து ஒரு குழாய் வரும். அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்: ஸ்கேலினஸ் முன்தசையின் உள்விளிம்பை ஒட்டிக் கீழிறங்கி, சப்கிளேவியன் தமனியில் முளைத்த குட்டையான தைரோசெர்விகல் தண்டில் போய் நிற்பீர்கள். இடப்பக்கம் என்றால் அவசரம் வேண்டாம். மெல்லிய நிணநாளமான தொராசிக் டக்ட் அந்தத் தண்டின் முன்னால்தான் வளைந்து போகிறது. இழுத்தால் அறுந்துவிடும்.

இனிச் சுரப்பிக்குத் திரும்புங்கள். மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையிலுள்ள வரப்பில் செங்குத்தாக ஏறுவது நான் அறுத்த அந்த லாரிஞ்சியல் நரம்பு. குறுக்கே வருவது தமனி. ஐயமிருந்தால் நசுக்கிப் பாருங்கள்: தமனி தட்டையாகும், நரம்பு ஆகாது. நரம்பு தமனிக்கு முன்னால் போகலாம், பின்னால் போகலாம், கிளைகளுக்கு நடுவே நுழைந்தும் போகலாம். ஒரே உடலில் வலதும் இடதும் வேறுபடும். ஆகவே இதை மனப்பாடம் செய்யாதீர்கள். இரு பக்கமும் திறந்து பாருங்கள்.

கிளைகளில் மயிரிழைபோல் ஒன்று துவரம்பருப்பு அளவுள்ள பாராதைராய்டு என்ற சிறு சுரப்பியில் முடியும். பதப்படுத்திய உடலில் அது கொழுப்புத் துணுக்குபோலவே இருக்கும். இழையைத் தொடர்ந்து போனால்தான் அகப்படும். பாராதைராய்டுகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தமனிதான் ரத்தம் தருகிறது. அதனால்தான் அறுவை மருத்துவர்கள் இப்போது தாய்த்தமனியைக் கட்டாமல், சுரப்பியை ஒட்டி ஒவ்வொரு கிளையாகக் கட்டுகிறார்கள்.

எவ்வளவு தேடியும் தமனி இல்லையா? சில உடல்களில் இருக்காது. மூச்சுக்குழலின் முன்பக்கம் பாருங்கள். பிரேக்கியோசெஃபாலிக் தமனியிலிருந்தோ மகாதமனி வளைவிலிருந்தோ தைராய்டியா இமா என்ற ஒற்றைத் தமனி ஏறி வரக்கூடும். அதே இடத்தில் கீழ்த் தைராய்டு சிரைகளும் இறங்குகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு "மேடம், கிடைத்துவிட்டது" என்று கூப்பிடாதீர்கள்.